பூ முடிஞ்சதும் வாடுது: நம்ம ஊர் வீட்டுக்குள்ள எந்த புரோமிலியாட் நிக்கும்?

9 ஜூன் 2024, பாறசாலையிலிருந்து ஒரு கேள்வி

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு நர்சரியில் குஸ்மேனியா வாங்கினேன், புரோமிலியாட் என்கிற அன்னாசிக் குடும்பத்துச் செடிகளில் ஒன்று. நடுவில் சிவப்பாக நெட்டுக்கு நிற்கிற ரகம், நானூறு ரூபாய். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏப்ரல் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மே மாதம் சிவப்பு வெளிறிப் பச்சையாச்சு, இப்போ பழுப்பு. அடியிலை ஒவ்வொன்றாக மஞ்சளாகுது. நர்சரிக்காரரிடம் கேட்டால் வேரழுகல், பூஞ்சை மருந்து ஊத்துங்க என்கிறார். என்னைக் கேட்டால் புரோமிலியாட் நம்ம ஊரில் வீட்டுக்குள்ள வைக்கிற செடியே இல்லை. மறுப்பு இருந்தால் சொல்லுங்க.

9 ஜூன், இரவு

மறுப்பு இருக்கு. குலசேகரம் பக்கம் எங்க வீட்டுல சிட் அவுட், பட்டாசல் (நடுக்கூடம்), மாடிப்படி, பாத்ரூம் ஜன்னல்னு எங்க பார்த்தாலும் இதுதான் நிக்குது.

உங்க செடிக்கு வந்திருக்கிறது நோயில்ல, வயசு. புரோமிலியாட்ல ஒரு குருத்து ஒரு தடவைதான் பூக்கும். பூத்தப்புறம் புது இலை விடாது, மெல்ல மெல்லத் தேய்ஞ்சு போகும். குலை தள்ளின வாழை மாதிரின்னு வச்சுக்கோங்க. தாய் போகும், கன்னு நிக்கும். நீங்க வாங்கும்போதே அது பூத்து நின்னுச்சுல்லா? அப்படின்னா அதோட கடைசி அத்தியாயத்தைத்தான் நானூறு ரூபா குடுத்து வாங்கியிருக்கீங்க. இதுல கடைக்காரர் ஏமாத்தினார்னு சொல்ல ஒண்ணுமில்ல, உலகம் பூரா இப்படித்தான் விக்காங்க. வளர்க்கிற இடத்துலயே எத்திலீன்ங்கிற வாயுவைக் குடுத்து எல்லாச் செடியையும் ஒரே சமயத்துல பூக்க வச்சு, பண்டிகைக்குக் கணக்கா லாரி ஏத்துவாங்க.

வேரழுகலான்னு பார்க்க ஒரு வழி: நடுக்குருத்து இலையைப் பிடிச்சு லேசா இழுங்க. கையோட வந்து நாத்தம் அடிச்சா அழுகல். அசையாம நின்னா அழுகல் இல்ல. அப்புறம் அடியிலைகளை விலக்கி, தண்டும் மண்ணும் சேர்ற இடத்தைப் பாருங்க. டிசம்பர்ல பூத்த செடிக்கு இந்நேரம் கன்னு வந்திருக்கணும்.

அந்த மருந்து மட்டும் ஊத்தாதீங்க. அதுல செம்பு இருக்கான்னு டப்பாவைப் படிச்சுட்டு வாங்க. காரணம் நாளைக்கு எழுதுறேன்.

10 ஜூன், காலை

மூணு கன்னு இருக்குன்னு போட்டோ போட்டுட்டீங்க. சந்தோஷம். பழுப்பான பூத்தண்டை அடியோட வெட்டிடுங்க, ஆனா தாயைப் பிடுங்காதீங்க. அதோட இலையில பச்சை இருக்கிற வரைக்கும் கன்னுகளுக்குத் தீனி போடும். கன்னு தாயோட உயரத்துல மூணுல ஒரு பங்காவது வரட்டும், பாதி வந்தா இன்னும் நல்லது. அவசரப்பட்டுப் பிச்சா வேர் இல்லாத கன்னை வச்சுக்கிட்டு முழிக்கணும்.

10 ஜூன், இரவு

செம்பு விஷயம். குமரி, நெடுமங்காடு, நெய்யாற்றின்கரை, புனலூர்ப் பக்கத்து ஆளுகளுக்கு இது ரொம்ப முக்கியம். வெளிநாட்டுக்காரங்க எழுதுற குறிப்புகள்ல "செம்பு ஆகாது"ன்னு ஒரு வரியோட முடிச்சிடுவாங்க. அவங்க வீட்டைச் சுத்தி ரப்பர் இல்லையே.

புரோமிலியாட் இலையை வெயிலுக்கு நேரா சாய்ச்சுப் பாருங்க. சாம்பல் பூசின மாதிரி ஒரு மினுக்கம் தெரியும், எக்மியாங்கிற ரகத்துல ரொம்பத் தெளிவா. அது முழுக்க நுண்செதில். இந்தச் செடி தண்ணியையும் சத்தையும் பெரும்பாலும் அது வழியாத்தான் உறிஞ்சும். வேர் முக்காவாசி பிடிமானத்துக்குத்தான். அதனால இலை மேல எது விழுந்தாலும், இலைகள் கூடி நடுவுல தண்ணி நிக்கிற கிண்ணத்துல எது கலந்தாலும் நேரா உள்ள போயிடும்.

நம்ம பக்கம் மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி ரப்பருக்கு மருந்தடிப்பாங்க. மழைக்காலத்துல பூஞ்சை பிடிச்சு இலை பூரா கொட்டிடக் கூடாதுன்னு, காப்பர் ஆக்ஸிகுளோரைடை எண்ணெயில கலக்கி மைக்ரான் ஸ்ப்ரேயரால புகையாட்டம் மேல விடுவாங்க. பழைய ஆளுக இன்னும் துருசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவைதான் நம்புவாங்க. தென்னைக் குருத்தழுகலுக்கும் அதே கலவைதான். ரெண்டுலயும் செம்பு. பக்கத்துத் தோட்டத்துல அடிச்சா காத்துவாக்குல வர்ற சாரல் போதும், நியோரெகேலியாங்கிற ரகத்தோட நடுக்குருத்து கருகிடும்.

எங்க வீட்டுக்குப் பின்னால சரிவு பூரா ரப்பர். மருந்தடிக்கிற ஆள் வரார்னு தெரிஞ்சா சிட் அவுட்டுல இருக்கிற அத்தனையும் பட்டாசலுக்குள்ள வந்துடும். அன்னைக்கு எங்க மாமிக்கும் எனக்கும் நடக்கிற பேச்சுவார்த்தையை இங்க எழுத முடியாது. "முள்ளுச்செடிய நடுவீட்டுல கொண்டு வைக்காளே, சண்டை ஓயுமா"ம்பாங்க. சண்டை வர்றது என்னவோ உண்மைதான்.

அதே காரணத்துக்காக, அழகா இருக்குதேன்னு பழைய செப்புப் பானையில புரோமிலியாட் நடாதீங்க. செப்புக்கம்பி வச்சு மரக்கட்டையில கட்டாதீங்க. நைலான் நூல், இல்லாட்டி பழைய காலுறையைக் கீறி எடுத்த துணி போதும்.

13 ஜூன்

மூணு பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கீங்க: அப்போ எதைத்தான் வாங்குறது? எனக்கு இதுல ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. பூவைப் பார்த்து வாங்காதீங்க, இலையைப் பார்த்து வாங்குங்க. பூக்காத செடியா, நடுக்கிண்ணம் திறந்து இருக்கிறதா எடுங்க. விலையும் பாதிதான். அப்புறம், உங்க வீட்டுல எந்த இடம் காலியா இருக்கு, அங்க எவ்வளவு வெளிச்சம் விழுது, அதைப் பார்த்துத்தான் ரகம்.

குஸ்மேனியா. முள் கிடையாது, வெளிச்சம் கம்மியானாலும் பொறுக்கும். ஜன்னல்லேர்ந்து கொஞ்சம் தள்ளி வைக்கலாம். குழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு இதுதான் சரி. சிவப்பா, மஞ்சளா, ஆரஞ்சா தெரியுறது பூவடிச் செதில். நிஜப்பூ சின்னதா அதுக்குள்ள எட்டிப் பார்த்துட்டுப் போயிடும். ஏசி அறைக்காத்துல இலைநுனி காயும், அது ஒண்ணுதான் குறை.

வ்ரீசியா. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுலதான் இருக்கு. வ்ரீசியா ஸ்ப்ளெண்டென்ஸ்னு ஒரு வகை, பச்சை இலையில குறுக்கால கரும்பட்டை பட்டையா ஓடும், பூத்தண்டு தட்டையா வாள் கணக்கா சிவப்பா எழும்பும். பூ வராட்டியும் அந்த இலைக்காகவே ஒரு இடம் ஒதுக்கலாம். முள் இல்ல. குஸ்மேனியாவை விடக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கேக்கும்.

எக்மியா ஃபாசியாட்டா. வெள்ளிப் பட்டை போட்ட இலை, இளஞ்சிவப்புப் பூங்கொத்து, நடுவுல நீலப்பூ. கொத்து மாசக்கணக்கா நிக்கும். பிரேசில்காரி. தூசி படிஞ்சிருக்குன்னு ஈரத்துணியால துடைச்சிடாதீங்க. அந்த வெள்ளி போயிடுச்சுன்னா திரும்ப வராது. எங்க வீட்டுச் செடியில பேரனோட விரல் பட்ட இடம் பச்சையா அச்சு விழுந்து கிடக்கு, இலை காயுற வரைக்கும் அது மாறாது. ஓரத்துல சின்ன முள் உண்டு. சிலருக்குத் தொட்டா தோல் அரிக்கும், கவனம்.

நியோரெகேலியா. இது வீட்டுக்குள்ள ரகம்னு விக்காங்க. எனக்கு உடன்பாடில்ல. நர்சரியில நல்ல வெளிச்சத்துல நின்னு சிவப்பும் வெள்ளையும் கோடு போட்டு ஜொலிக்கும். கொண்டுவந்து ஹால் மூலையில வச்சா சில மாசத்துல இலை நீண்டு, வெறும் பச்சையாகி, படுத்துடும். செத்துப்போகாது, ஆனா நீங்க காசு குடுத்தது அந்தப் பச்சைக்கு இல்லையே. இதுக்குச் சரியான இடம் சிட் அவுட், இல்லன்னா கிழக்கு ஜன்னல் திட்டு. காலை வெயில் படணும், உச்சி வெயில் படக்கூடாது. பூக்கப் போகும்போது நடுவட்டம் மட்டும் ரத்தச் சிவப்பாகும், கிண்ணத்துத் தண்ணிக்கு மேல ஊதாப்பூ மட்டமா மிதக்கும். உரம் போட்டா நிறம் போயிடும். இதுக்குக் கொஞ்சம் பட்டினி போட்டாத்தான் அழகு.

கிரிப்டாந்தஸ். நட்சத்திரம் கணக்கா தரையோட படிஞ்சு கிடக்கும். கிண்ணம் கிடையாது, அதனால வேர் வழியாத்தான் தண்ணி. மண் காயவிடக் கூடாது. கண்ணாடித் தொட்டிக்குள்ள வைக்க இதைவிட நல்லது இல்ல. கன்னு இலை இடுக்குல முளைக்கும், தொட்டாலே கழண்டு கையில வந்திடும்.

பில்பெர்ஜியா. பூ ரெண்டு வாரம்கூட முழுசா நிக்காது. ஆனா சாகவே சாகாது, கும்பலா பெருகிக்கிட்டே போகும். முதல்தடவை வளர்க்கிறவங்களுக்கு யாராவது சும்மா குடுப்பாங்க, வாங்கிக்கோங்க.

14 ஜூன்

மண் என்னன்னு கேட்டிருக்கீங்க. மண்ணே வேண்டாம் (கிரிப்டாந்தஸ் மட்டும் விதிவிலக்கு). கதம்பையை (தேங்காய் மட்டை) துண்டுதுண்டா வெட்டி, ரெண்டு மூணு தடவை தண்ணி மாத்தி ஊறவச்சு, கரி, கொஞ்சம் செங்கல் சல்லி. காயல்ல ஊறின கதம்பையா இருந்தா உப்பு போற வரைக்கும் அலசணும். சட்டி சின்னதா இருக்கட்டும். பெரிய சட்டியில நட்டா அடியில ஈரம் நின்னு அழுகும்.

20 ஜூன்

தென்காசி அக்கா கேட்டது: "நடுக்குழியில தண்ணி நிக்கணும்ங்கிறீங்க. எங்க தெருவுக்கு கொசு ஒழிக்கிற பிள்ளைங்க வந்து சட்டியையெல்லாம் கவிழ்த்துட்டுப் போகுதுங்க. நான் என்ன சொல்லட்டும்?"

கவிழ்க்கட்டும் அக்கா, அந்தப் பிள்ளைங்க செய்றது சரிதான். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு இலைக்கக்கத்துத் தண்ணியிலயும் முட்டையிடும். 2016ல அமெரிக்காவுல மயாமி பீச்சுல ஜிகா காய்ச்சல் வந்தப்ப, நகராட்சியே பொது இடத்துல வச்சிருந்த புரோமிலியாடையெல்லாம் பிடுங்கிட்டாங்க. நம்ம பக்கம் ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டையும் கைதச்சக்கை (அன்னாசி) தோட்டமும் ஏடிஸுக்குத் தாய்வீடுன்னு கேரளத்துச் சுகாதாரத்துறை சொல்லிக்கிட்டே இருக்கு. கைதச்சக்கையும் புரோமிலியாட்தான், ஞாபகம் இருக்கட்டும்.

முட்டை கொசுவாகிப் பறக்க ஏழிலேர்ந்து பத்து நாள். அதனால வாரம் ஒருதடவை தண்ணி மாத்தினா போதும். ஆனா வெறுமனே சாய்ச்சுக் கொட்டினா பத்தாது. ஏடிஸ் முட்டை தண்ணிக்கு மேல, இலைச்சுவரோட ஒட்டிக்கிட்டு இருக்கும். காய்ஞ்சாலும் மாசக்கணக்கா உயிரோட கிடக்கும், அடுத்த தண்ணி பட்டதும் பொரியும். ஹோஸ் வச்சு வேகமா அடிச்சு, கிண்ணம் பொங்கி வழியவிட்டு, அப்புறம் கவிழ்த்து வடியவிடணும். கேரளத்துல ஞாயித்துக்கிழமை டிரை டேன்னு, தேங்கின தண்ணியைக் கொட்டுற ஒரு பழக்கம் இருக்குல்லா, அதே நாளை வச்சுக்கிட்டா மறக்காது.

மண்ணெண்ணெய் சொட்டு விடாதீங்க. தேங்காய் எண்ணெயும் கூடாது. எந்த எண்ணெயும் நுண்செதிலை அடைச்சிடும். பி.டி.ஐ.ன்னு ஒரு பாக்டீரியா மருந்து உண்டு, கொசுப்புழுவைக் கொல்லும், செடிக்கு ஒண்ணும் செய்யாது.

வீட்டுக்குள்ள இருக்கிற குஸ்மேனியாவுக்குக் கிண்ணம் நிறையவே வேண்டாம். அடியில ஒரு விரக்கடை நின்னாப் போதும், மழைக்காலத்துல அதுகூட வேண்டாம், சட்டியில ஈரம் இருந்தாலே ஓடிடும்.

21 ஜூன்

நேத்து சொன்னதுக்கு ஒரு சேர்க்கை. அக்கா இலையில வெள்ளையா பொருக்கு கட்டியிருக்குன்னு போட்டோ அனுப்பியிருக்காங்க. பூஞ்சையில்ல, போர் தண்ணி உப்பு. தென்காசி, சங்கரன்கோவில்ப் பக்கம் தண்ணி கடினம். அது கிண்ணத்துல ஆவியாகி ஆவியாகிச் சுண்ணாம்பா படியும். மழைத்தண்ணி பிடிச்சு வைங்க. நம்ம பக்கத்துக்கு ரெண்டு பருவமழை இருக்கே. ஒரு பக்கெட் மூடிபோட்டு வச்சா ஒரு டஜன் செடிக்கு வாரக்கணக்குல வரும். ஏசியில வடியுற தண்ணியையும் ஊத்தலாம்னு பலரும் சொல்வாங்க. நான் ஊத்தமாட்டேன், ஏசிக்குள்ள இருக்கிறது செம்புக்குழாய்.

2 ஜூலை

பேச்சு கைதச்சக்கைக்குத் திரும்பிடுச்சு, நான் தடுக்கப் போறதில்ல.

"பழத்தோட தலையைத் திருகி நட்டா வீட்டுக்குள்ள வளருமா?" வளரும். பழத்துச் சதை ஒட்டாம திருகி எடுத்து, அடியிலைகளை நாலு வரிசை உரிச்சிடுங்க. உரிக்கும்போதே பழுப்பா சின்னச் சின்ன மொட்டாட்டம் வேர்முனை தெரியும், நிழல்ல ரெண்டு நாள் காயப்போட்டு அப்புறம் நடுங்க. ஜன்னலோரம் நல்ல வெளிச்சம் வேணும். காய்க்க ரெண்டு வருஷம் ஆகும், வீட்டுக்குள்ளன்னா இன்னும் கூட. அதுக்குள்ள உங்க வேட்டி, சேலை, திரைச்சீலை எல்லாம் ஒரு தடவையாவது அதுல மாட்டிக் கிழிஞ்சிருக்கும். நம்ம பக்கம் ரப்பர் கன்னுக்கு இடையில போடுறது மொரீஷியஸ் ரகம், இலை ஓரம் பூரா முள். வாழக்குளம் பழம்னு 2009ல புவிசார் குறியீடு வாங்கினதும் அதுதான். கியூ ரகத்துக்கு முள் இலைநுனியில மட்டும்தான். அதனால வீட்டுக்குள்ள வைக்க ஆசைப்பட்டா கியூ பழத்தோட தலையைத் தேடுங்க.

களியக்காவிளை அண்ணாச்சி ஒருத்தர் "இதெல்லாம் நம்ம நாட்டுச் செடிதான், அகத்தியமலைக் காட்டுல மரத்து மேல கண்ணால பார்த்திருக்கேன்"னு அடிச்சுச் சொல்றார். அண்ணாச்சி பார்த்தது பறவைக்கூட்டுப் பெரணியா இருக்கும். அதுவும் மரத்துமேல ஒட்டிக்கிட்டு, இலையை வட்டமா விரிச்சு உக்காந்திருக்கும். புரோமிலியாட் குடும்பத்துல மூவாயிரத்துக்கு மேல இனம் இருக்கு, அத்தனையும் அமெரிக்கக் கண்டங்கள்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் மேற்கு ஆப்பிரிக்காவுல, கினி நாட்டுப் பாறையில முளைக்குது. கைதச்சக்கை கொலம்பஸ் கண்ணுல பட்டது 1493ல, குவாதலூப் தீவுல. போர்த்துகீசியர் வழியா இங்க வந்துசேர்ந்தது அதுக்கு அடுத்த நூற்றாண்டு.

3 ஜூலை

அண்ணாச்சி கோவிச்சுக்காதீங்க. பெரணியும் நல்ல செடிதான்.

18 ஆகஸ்ட்

"ராத்திரி ஆக்ஸிஜன் விடும், படுக்கையறையில வைங்க"ன்னு ஒரு வீடியோ சுத்துது, அதை இங்க நாலு பேர் ஒட்டியிருக்கீங்க.

விஷயத்துல பாதி சரி. எக்மியா, நியோரெகேலியா, கைதச்சக்கை, மண்ணில்லாம வளர்ற நரைச்ச இலை டிலான்ட்சியா இதெல்லாம் வறட்சிக்குப் பழகினது. பகல்ல இலைத்துளையைத் திறந்தா ஈரம் போயிடும்னு ராத்திரி திறந்து கரியமில வாயுவை உள்ள வாங்கி, அமிலமா சேர்த்து வைக்கும். விடிஞ்சப்புறம் வெளிச்சத்துல அதைச் சமைக்கும். ஆக்ஸிஜன் வெளிவர்றது சமைக்கும்போதுதான், அதுக்கு வெளிச்சம் வேணும். இருட்டுல ஆக்ஸிஜன் தயாரிக்கிற செடி உலகத்துல இல்ல. குஸ்மேனியா, வ்ரீசியாவுல பெரும்பாலானது இந்த ராத்திரி வேலையையும் செய்யாது, மத்தச் செடி மாதிரி பகல்லயே எல்லாம்.

நச்சுக்காத்தை இழுக்கும்ங்கிறதும் அப்படித்தான். அதுக்கு ஆதாரமா காட்டுற சோதனையெல்லாம் காத்துப் போகாம மூடின பெட்டிக்குள்ள செடியை வச்சுச் செஞ்சது. நம்ம வீடு பெட்டியா? ஜன்னலைத் திறந்தா ஒரு நிமிஷத்துல நடக்கிற காரியத்துக்கு ஒரு காடே வைக்கணும். பார்க்க நல்லா இருக்குன்னு வைங்க. அது போதாதா?

19 ஆகஸ்ட்

நாய் பூனைக்கு ஆகுமான்னு கேட்டவருக்கு: குஸ்மேனியா, வ்ரீசியா, நியோரெகேலியா விஷமில்ல. மணிபிளான்ட், டிஃபன்பாக்கியாவை விட எவ்வளவோ மேல். முள் ரகத்தைப் பூனையே ஒதுக்கிடும்.

6 அக்டோபர்

பாலக்காட்டுத் தம்பி கண்ணாடி உருண்டைக்குள்ள டிலான்ட்சியா வாங்கி, "ஏர் பிளான்ட், தண்ணியே வேண்டாம்"னு கடையில சொன்னதை நம்பி மூணு மாசம் விட்டிருக்கார். காய்ஞ்சு சருகா போயிடுச்சாம். மார்த்தாண்டத்துல இன்னொருத்தர் தினமும் தெளிச்சிருக்கார். அழுகிப்போச்சு.

காத்துல வளரும்னா மண் வேண்டாம்னுதான் அர்த்தம், தண்ணி வேண்டாம்னு இல்ல. வாரம் ஒருதடவை மழைத்தண்ணியில அரைமணி நேரம் முக்கி எடுத்து, தலைகீழாப் பிடிச்சு நல்லா உதறி, ஃபேன் காத்து படுற இடத்துல வைக்கணும். நாலு மணி நேரத்துல முழுசா காயணும், அதுதான் கணக்கு. காயலைன்னா இடம் சரியில்ல. முக்குறது காலையில இருக்கட்டும். ராத்திரிதான் அது மூச்சு வாங்கும்னு மேல எழுதினேனே, அப்ப இலை நனைஞ்சிருந்தா துளை அடைச்சுக்கும்.

இடத்தைப் பொறுத்து இதுல ஒரு மாத்தம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்ல தை, மாசியில அடிக்கிற காய்ஞ்ச காத்துக்கு வாரம் ரெண்டு தடவை முக்கினாலும் தாங்கும். எங்க பக்கம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையிலயும் ஐப்பசி அடைமழையிலயும் நான் முக்குறதே இல்ல. காத்துல இருக்கிற ஈரமே மிச்சம். தண்ணி ஜாஸ்தியாகித்தான் இங்க சாகுது. பொருத்தமான பேர்தான் வச்சிருக்காங்க: எலியாஸ் டிலான்ட்ஸ்னு 17ஆம் நூற்றாண்டு மருத்துவப் பேராசிரியர், செடி ஆராய்ச்சியும் செஞ்சவர், கப்பல் ஏறவே பயந்து, போத்னியா வளைகுடாவைச் சுத்திக் கரைவழியாவே ஊர் போனார்னு கதை. தண்ணி ஆகாத செடிக்கு லின்னேயஸ் அவர் பேரை வச்சார்.

கடையில பார்க்கிறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. அடர் நீலம், அடர் பிங்க்ல டிலான்ட்சியா இருந்தா அது சாயம். அயோனாந்தாங்கிற டிலான்ட்சியா பூக்கிற சமயத்துல நடு இலை தானா சிவக்கும், ஆனா நுனியிலேர்ந்து அடிவரைக்கும் ஒரே சீரா சிவக்காது. நகத்தால சுரண்டினா தெரிஞ்சிடும். சாயம் நுண்செதிலை மூடிடும், செடி மூச்சுமுட்டிச் சாகும். ரெண்டாவது, ஸெரோகிராஃபிகா. வெள்ளியா சுருண்ட பெரிய ரகம். மெக்சிகோ, குவாத்தமாலாக் காட்டுலேர்ந்து பிடுங்கியே அழிச்சிட்டாங்கன்னு காட்டு உயிர்களை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கு. நர்சரியில வளர்த்ததுதானான்னு கேட்டுட்டு வாங்குங்க. விலை மலிவா இருந்தா ரெண்டு தடவை கேளுங்க.

ஸ்பானிஷ் மாஸும் இந்த வகைதான். ஸ்பெயினுக்கும் சம்பந்தமில்ல, பாசிக்கும் சம்பந்தமில்ல. ஒரு காலத்துல அமெரிக்காவுல காரு சீட்டுக்கும் மெத்தைக்கும் பஞ்சுக்குப் பதிலா அடைச்சாங்க. கொத்தா தடிமனா தொங்கவிட்டா உள்பக்கம் அழுகும். பிரிச்சு, அந்தப் பக்கம் தெரியுற அளவுக்கு மெலிசா தொங்கவிடுங்க. எங்க வீட்டுல ஒரு தேன்சிட்டு அதை உருவிக்கிட்டுப் போய்க் கூடு கட்டுது. கொஞ்ச நாள் விரட்டினேன், இப்போ விட்டுட்டேன்.

7 அக்டோபர்

பூச்சி: இலையடியில பழுப்புப் பொட்டா ஒட்டிக்கிட்டு இருந்தா செதில் பூச்சி. பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு எடுக்கலாம். எறும்பு ஏறுதுன்னாலே அடியில மாவுப்பூச்சி இருக்கான்னு பாருங்க. வேப்பெண்ணெயும் வேண்டாம், முக்கியமா டிலான்ட்சியாவுக்கு.

12 ஜனவரி 2025

பாறசாலைக்காரர் திரும்ப வந்திருக்கார். மூணு கன்னுல ரெண்டைப் பிரிச்சு நட்டாச்சாம், ரெண்டும் பிடிச்சாச்சு. இப்போ அடுத்த கேள்வி: "இது எப்போ பூக்கும்? நான் சீக்கிரம் பூக்க வைக்க முடியுமா?"

தானா விட்டா ரெண்டு வருஷம் முன்னபின்ன ஆகும். சீக்கிரப்படுத்தவும் வழி இருக்கு. முழு வளர்ச்சி அடைஞ்ச செடியா இருக்கணும். கிண்ணத்துத் தண்ணியைக் கொட்டிட்டு, கனிஞ்ச ஆப்பிள் ஒண்ணைப் பக்கத்துல வச்சு, செடியோட சேர்த்து கண்ணாடி பிளாஸ்டிக் பையால மூடி, வெயில் படாத இடத்துல ஒரு வாரம் பத்து நாள் விடணும். பழம் விடுற எத்திலீன்தான் வேலை செய்யுது. அப்புறம் பையை எடுத்துடலாம். பூத்தண்டு தெரிய ரெண்டு மூணு மாசம்.

ஆப்பிளுக்கு இப்போ விக்கிற விலையில நம்ம ஊர் மட்டி வாழைப்பழம் போட்டாலும் போதும். எக்மியாவுக்கு அதைத்தான் வச்சேன், வந்துது. பை முழுக்கப் பழவாசனை, திறந்தப்ப பழ ஈயும் சேர்ந்து வந்துது.

யோசிச்சுப் பார்த்தா இது நம்ம ஆளுகளுக்குப் புதுசே இல்ல. வாழைக்குலையை மூடி வச்சுப் புகை போடுறோமே, அந்தப் புகையிலயும் எத்திலீன் இருக்கு. போர்ச்சுகலோட அஸோர்ஸ் தீவுல கண்ணாடிக்கூடத்துல கைதச்சக்கை வளர்த்தவங்க புகை போட்டா எல்லாம் ஒண்ணா பூக்குதுன்னு முதல்ல கண்டுக்கிட்டாங்க. இப்போ நம்ம பக்கத்துத் தோட்டங்கள்ல எத்திலீன் விடுற எத்தெஃபான் கரைசலோட யூரியாவும் கொஞ்சம் கால்சியம் கார்பனேட்டும் கலந்து, செடிக்கு 50 மில்லி வீதம் குருத்துல ஊத்துவாங்க. தோட்டம் மொத்தமும் ஒரே சமயத்துல காய்க்கும், ஒரே லாரியில ஏத்தலாம். அவங்களுக்கு அது தேவை.

உங்களுக்கு என்ன அவசரம்? பூ வந்த நாள்லேர்ந்து அந்தக் குருத்துக்கு நாள் எண்ண ஆரம்பிச்சாச்சு. இலையோட நின்னா இன்னும் ஒரு வருஷம் கூட நிக்கும். எக்மியா பூத்தது அழகுதான், ஆனா மறுபடி பழம் வைக்க எனக்குத் தோணல.

13 ஜனவரி

வெளிநாட்டுப் பழத்துல எத்திலீன் இருக்காது, மெழுகு பூசியிருப்பாங்கன்னு ஒருத்தர். மெழுகு பூசினாலும் பழம் மூச்சு விடத்தான் செய்யும். கனிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

2 மார்ச்

வெயில் ஏறுது. மேற்கு ஜன்னல்ல இருக்கிறதை நகர்த்துங்க. நியோரெகேலியா இலையில வெள்ளையா, காகிதம் மாதிரி ஒரு திட்டு விழுந்தா அது வெயில் சுட்டது, பூஞ்சையில்ல. அந்த இலை தேறாது, செடி தேறும்.

நேத்து சிட் அவுட்டுல இருக்கிற பெரிய நியோரெகேலியாவுக்குத் தண்ணி மாத்தப் போனா, கிண்ணத்துக்குள்ள ஒரு மரத்தவளை. உடம்பு பூரா தண்ணிக்குள்ள, கண்ணு ரெண்டும் மேல. ஹோஸைத் திறந்தேன், அசையல. அந்த ஒரு செடியை விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் அடிச்சேன். மாமி பார்த்துட்டு, "அது கொசுவத் தின்னும், கெடக்கட்டும்"னாங்க. செடி விஷயத்துல நாங்க ஒத்துப்போனது இதுக்குத்தான்.

3 மார்ச்

தவளை இருந்தா கொசுப்புழு இருக்காதுன்னு எடுத்துக்காதீங்க, நான் அப்படிச் சொல்லல. பெரிய தவளை பறக்கிற பூச்சியைத்தான் பிடிக்கும். அதுக்கு அடுத்த நாள், அது எங்கயோ போயிருந்தப்ப, அந்தக் கிண்ணத்தையும் அலசிட்டேன்.

20 ஏப்ரல்

ரப்பருக்கு மருந்தடிக்கிற காலம் வந்தாச்சு, பக்கத்துத் தோட்டத்துக்காரங்ககிட்ட என்னைக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க.

பட்டாசல்ல இடம் பண்ணணும்னு நியோரெகேலியாக் கன்னு கொஞ்சம் பிரிச்சு வச்சிருக்கேன். பச்சையில சிவப்புப் புள்ளி போட்டது, முள் லேசா உண்டு. மார்த்தாண்டம் சந்தைக்கு வர்றவங்க முன்கூட்டியே சொன்னா கொண்டு வரேன், காசு வேண்டாம். சட்டியை மட்டும் திருப்பித் தந்துடுங்க. போன வருஷம் வாங்கிட்டுப் போன ரெண்டு பேர் இன்னும் தரல. யாருன்னு அவங்களுக்கே தெரியும்.